முள்ளப்பன் எப்போது புறப்படுவான்

இத்தோ சித்திக்கு அம்மை போட்டிருக்கிறது என்று தெரிந்தபோது எங்கள் தெரு முதலில் சிரித்தது. நாற்பத்தாறு வயதுப் பெண்ணுக்குப் பச்சைப் பிள்ளைகளின் சீக்கு. எங்கள் பக்கத்தில் சின்னம்மையை முள்ளப்பன் என்றுதான் சொல்வார்கள். ஒரு ஆளைப் பற்றிப் பேசுவது போலவே பேசுவார்கள். வந்துட்டானா, எங்கெங்கே தங்கியிருக்கான், எப்பப் புறப்படுறான் என்று விசாரிப்பார்கள்.

"யாருகிட்ட வாங்கினே?" என்று கேட்டார் ஹம்மாதி. அவர் சித்தியின் கணவர். எங்கள் ஊரான ஸெஃப்ரூவுக்கும் ஃபெஸ் நகருக்கும் நடுவே ஆறு பேரை அடைத்துக்கொண்டு வாடகைக் கார் ஓட்டுபவர்.

"தெருவுல இருக்கற அத்தனை பிள்ளைங்களுக்கும் முத்தம் குடுத்தேன் மனுஷா. யாருன்னு சொல்ல?"

"அப்ப ஒவ்வொண்ணாப் போய் விசாரி. யாருதோ அவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துட்டு வா."

சித்தி முத்தம் கொடுக்காத ஆள் எங்கள் ஊரில் குறைவு. நாங்கள் எல்லோரும் கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு கொடுத்து முடித்துக்கொள்வோம். அவர் நான்கு கொடுப்பார். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு அம்மா எப்படி, மாமனார் எப்படி, அந்த முழங்கால் எப்படி, பூனை குட்டி போட்டதா என்று ஆரம்பிப்பார். பேருந்து நிலைய வாசலில் மடிப்பு ரொட்டி சுட்டு விற்பதுதான் அவர் தொழில். அவருக்கு சலாம் சொல்லி முடிப்பதற்குள் ஃபெஸ் பேருந்தைத் தவறவிட்டவர்கள் பலர். ஓட்டுநர்களும் அதைத் தெரிந்துகொண்டு ரொட்டிக் கடையைப் பார்த்து ஒரு முறை ஹாரன் அடித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

இவ்வளவு மனிதர்களோடு புழங்குகிறவர் வளர்ந்தது ஆளே இல்லாத இடத்தில். மலைக்கு மேலே, ஆட்டுப் பட்டியும் அவர் அப்பாவும் மட்டும் இருந்த ஒரு மேட்டில். விளையாட வேறு பிள்ளைகள் கிடையாது. பிள்ளைகள் இல்லாததால் பிள்ளைகளின் நோய்களும் வரவில்லை. எல்லாம் சேர்ந்து இப்போது வந்திருக்கிறது என்பது அவருடைய கணக்கு.

அவருக்கும் ஹம்மாதிக்கும் குழந்தை இல்லை.

இதைச் சொல்லாமல் மேலே சொல்ல முடியாது. அடுத்த வீட்டு வியாம், லல்லா என்று எல்லோரும் மரியாதையாக அழைக்கும் மன்னானாவின் மருமகள், கல்யாணமாகி எட்டு வருடம் குழந்தை இல்லாமல் இருந்தாள். அந்த எட்டு வருடமும் சாயங்கால வேளைகளில் அவளும் இத்தோ சித்தியும் மொட்டைமாடியில் ஒன்றாக உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிப்பார்கள். எங்கள் தெருவில் மாடிகள் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கும். நடுவில் இடுப்பளவுச் சுவர்தான். வியாம் கருத்தரித்தபோது முதலில் சொன்னது மாமியாரிடம் இல்லை, சுவருக்கு இந்தப் பக்கம்தான்.

"ரெண்டு பேர்ல ஒருத்தி கட்சி மாறிட்டா," என்றார் சித்தி. பிறகு ஒரு மணி நேரம் அழுதார் என்று ஹம்மாதி சொன்னார். சந்தோஷத்தில்தான் என்றும் சொன்னார். நான் நம்பினேன்.

எங்கள் பக்கம் குழந்தை பிறந்த ஏழாம் நாள் காலையில் கடா அறுத்துப் பெயர் வைப்பார்கள். மத்தியானம் விருந்து. எங்கள் தெருவில் அதோடு இன்னொன்றும் உண்டு. தாய் படுத்திருக்கும் அறையிலிருந்து குழந்தையை முதன்முதலாக முற்றத்துக்கு, கூடியிருக்கும் பெண்கள் நடுவே, ஒருத்தி தூக்கி வருவாள். நிறையப் பெற்றவள்தான் தூக்க வேண்டும் என்பது வழக்கம். மன்னானாவின் அக்கா ஏழு பிள்ளை பெற்றவர். எங்கள் தெருக் குழந்தைகளில் பாதிப் பேர் அவர் கைவழியாகத்தான் வெளிச்சத்துக்கு வந்தோம்.

வியாம் தன் குழந்தையை இத்தோ சித்திதான் தூக்கி வர வேண்டும் என்றாள். மன்னானா முகத்தைத் திருப்பிக்கொண்டார், சில நாள் யோசித்தார், அப்புறம் சரி என்றார். குழந்தை இல்லாதவர்களைப் பச்சிளம் குழந்தைகளிடமிருந்து கொஞ்சம் தள்ளியே நிறுத்துகிற ஊர் இது. கண்ணைப் பற்றிய பயம். யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். சித்தியே சொல்ல வைக்காமல், எல்லாப் பெயர் விருந்திலும் சமையல்கட்டுப் பக்கமாக நின்றுவிடுவார். அப்படி நின்றவரை வியாம் நடுமுற்றத்துக்குக் கூப்பிட்டாள். அவர் அதற்காகப் பச்சையில் ஒரு நீள அங்கி, கஃப்தான், தைக்கக் கொடுத்தார்.

பிரசவத்துக்காக வியாம் இரண்டு வாரம் முன்பே ஃபெஸ்ஸில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கே பெண் குழந்தை பிறந்த அதே காலையில், இங்கே சித்தியின் வயிற்றில் முதல் கொப்புளம் தெரிந்தது.

எனக்கு அம்மை ஆறு வயதிலேயே வந்து போயிருந்தது. ஹம்மாதிக்கு ராணுவத்தில் இருந்தபோது. அதனால் சித்தியைக் கவனிக்கும் வேலை எங்கள் இருவருக்கும் வந்தது. ஹம்மாதி பகலில் காரோடு போய்விடுவார். எனக்குப் போக இடமில்லை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். பட்டம் வாங்கித் திரும்பி வந்து ஒரு வருடமாக விண்ணப்பங்கள் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

மன்னானா என்னைத் தெருவில் நிறுத்தினார்.

"இஹ்ஸான், நீதான் படிச்சவளாச்சே. சொல்லு, இத்தோவுக்கு எப்பச் சரியாகும்?"

"நான் படிச்சது கல்லைப் பத்தி, லல்லா."

"கல்லையே படிச்சவளுக்குத் தோலு என்ன கஷ்டம்?"

சுகாதார நிலையத்தில் இருந்த இளம் மருத்துவரிடம் போய்க் கேட்டு வந்தேன். புதுசாக ஒன்றும் முளைக்காமல் நின்று, இருப்பதெல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை யாரிடமும் போகக் கூடாது என்றார். பிறந்த குழந்தை, கர்ப்பிணி, இவர்கள் இருக்கும் பக்கமே கூடாது. குழந்தையின் தாய்க்கு முன்பு வந்திருந்தால் பயம் குறைவு என்றும் சொன்னார். வியாம் நதோரில் இருக்கும் தன் அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டாள். "ஒன்பது பேரைப் பெத்தேன். எல்லாருக்கும் ஏதோ சிவப்பாத்தான் வந்துச்சு. எதுன்னு நான் எங்கே பாத்தேன்?" என்று பதில் வந்தது. ஆக, தெரியாது.

"எந்தத் தேதியில காயும்?" என்று மருத்துவரிடம் கேட்டிருந்தேன்.

"காயும்போது காயும்," என்றார் அவர்.

இந்தப் பதிலோடு தெருவுக்குத் திரும்பி வருவது எவ்வளவு சங்கடம் என்று அவருக்குத் தெரியாது. என் தெரு தேதி கேட்டது. நான் நிபந்தனை கொண்டுவந்தேன். படித்தவள் என்றால் உறுதியாக ஏதாவது சொல்வாள் என்று அவர்கள் எதிர்பார்த்ததில் தப்பில்லை. நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன், படிக்கப் போவதற்கு முன்.

தெருவுக்கென்று வேறொரு முறை இருந்தது. அதில் குழப்பமே இல்லை. நோய் விட்டவர் பொதுக் குளியல்கூடத்துக்குப் போக வேண்டும். வெந்நீர் ஆவியில் உட்கார்ந்து, கரடுமுரடான கையுறையால் உடம்பு முழுக்கத் தேய்த்துக்கொண்டு, தலையில் துண்டும் சிவந்த முகமுமாக வெளியே வர வேண்டும். வழியில் பார்ப்பவர் யாராவது "பிஸ்ஸஹா" என்பார். குளித்தவருக்கும், முடி வெட்டியவருக்கும், புதுச் செருப்பு போட்டவருக்கும் சுகமாயிரு என்று நாங்கள் சொல்லும் சொல். கேட்டவர் பதில் சொல்வார். அவ்வளவுதான், ஆள் தேறிவிட்டார். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்பதில்லை. அன்று மாலையே வீடு நிறைய ஆட்கள் வந்துவிடுவார்கள்.

அம்மைக்காரர் குளியல்கூடத்துக்கு எப்படிப் போவார், போனால் அங்கே இருக்கும் மற்றவர்கள் என்னாவார்கள் என்று நான் கேட்டேன். என் அம்மா, "தேறினவதானே போவா," என்றார். தேறினாளா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "போய்ட்டு வந்தாளே," என்றார்.

பெயர் விருந்துக்கு முந்தின நாள் வந்தது. குழந்தையும் வியாமும் ஃபெஸ்ஸிலிருந்து வந்து நாலைந்து நாளாகியிருந்தது. மன்னானா வீட்டு மாடியில் டிஷ் கம்பத்தில் ஒரு செம்மறிக்கடா கட்டியிருந்தது. அதன் குரலைக் கேட்கும்போதெல்லாம் சித்தி கண்ணாடியை எடுத்துத் தன் முகத்தைப் பார்த்துக்கொள்வார். முகம் காய்ந்துவிட்டது. வயிறு காய்ந்துவிட்டது. பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் இன்னும் புதிதாக வந்துகொண்டிருந்தன.

"முன்னாடி பாத்தா நான் நல்லாத்தானே இருக்கேன்," என்றார்.

"பின்னாடியும் நீங்கதான் சித்தி."

அரிப்பு தாங்கவில்லை என்பதால் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி அவர் தலையை மெதுவாக அலசிவிட்டேன். துண்டைச் சுற்றிக்கொண்டு வெயில் காய மாடிக்குப் போனார். நான் ஈர விரிப்புகளை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினேன். அந்த நேரம் பார்த்து மன்னானா கடாவுக்குத் தழை போட வந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று தலைத் துண்டைப் பார்த்தார். சிவந்த முகத்தைப் பார்த்தார்.

"பிஸ்ஸஹா, இத்தோ."

"அல்லாஹ் உங்களுக்கும் சுகத்தைக் குடுக்கட்டும், லல்லா," என்றார் சித்தி.

அது யோசித்துச் சொல்கிற பதில் இல்லை. தும்மல் மாதிரி தானாக வருவது. என் காதிலும் அது தப்பாகப் படவில்லை. ஆனால் மன்னானாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. தழையைக் கடாவின் தலைமேலேயே போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினார். எழுபது வயது முழங்கால்கள் அவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை. திரும்பி வந்தபோது கையில் வெள்ளைத் துணிப் பொதி ஒன்று இருந்தது. அதன் நுனியில் மாதுளம் முத்து அளவுக்கு ஒரு வாய்.

"இந்தாடி, உன் பொண்ணு," என்று சுவருக்கு மேலே நீட்டினார்.

சித்தியின் இரண்டு கைகளும் தாமாகவே முன்னால் போயின. போன கைகளைப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒரு அடி பின்னால் வைத்தார்.

"வெக்கப்படாதே, வாங்கு."

சித்தி இன்னொரு அடி பின்னால் போனார். மன்னானா சுவரோரமாகப் பக்கவாட்டில் நகர்ந்தார். சித்தி துணிக்கொடிக்கு அந்தப் பக்கம் போனார். மன்னானா பொதியை இன்னும் உயர்த்தி, விரிப்புகளின் மேலே தெரியும்படி காட்டினார். சித்தி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனார். அங்கிருந்து தலையை மட்டும் நீட்டிக் குழந்தையைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் உள்ளே இழுத்துக்கொண்டார். கடா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. கடைசியில் சித்தி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடிப்படிக் கதவுக்குள் பாய்ந்து உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டார்.

வாழ்நாளில் யாருக்கும் கதவைச் சாத்தாத பெண். நான் காயப்போட்டது போக மிஞ்சிய ஈர விரிப்போடு வெளியே நின்றேன்.

"என்னடி ஆச்சு இவளுக்கு?" என்றார் மன்னானா என்னைப் பார்த்து. "குளியல்கூடம் போய்ட்டு வந்தவதானே?"

"போகலை லல்லா. வீட்டுலதான் தலையை அலசினோம்."

"போகலையா? பின்னே ஏன் பதில் சொன்னா?"

"நீங்க சொன்னீங்க. அவங்க பதில் சொன்னாங்க."

"போகாதவ எதுக்குப் பதில் சொல்லணும்?"

அதற்குள் நாலைந்து மாடிகளில் பெண்கள் வந்துவிட்டார்கள். பயறு பொறுக்குகிறவர்கள் பொறுக்கியபடியே வந்தார்கள். மன்னானாவுக்கு அவமானமாகிவிட்டது. "என் பேத்தியைப் பேயைப் பாத்த மாதிரி பாத்துட்டு ஓடுறா," என்றார் பொதுவாக எல்லா மாடிகளுக்கும்.

எதிர் மாடியிலிருந்து ஒருத்தி, கெட்ட எண்ணத்தில் இல்லை, சமாதானப்படுத்தத்தான் சொன்னாள்: "விடுங்க லல்லா. பிள்ளை இல்லாதவங்களுக்கு ஒரு பயம் இருக்கும். தன் கண்ணு பட்டுடுமோன்னு."

சொன்னவளுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்திருக்கும். கதவுக்குப் பின்னால் சித்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அவர் குரல் வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"கண்ணு இல்லை. கொப்புளம்."

"என்னது?" என்றார் மன்னானா.

"என் கண்ணுல ஒண்ணுமில்லை, லல்லா. கொப்புளம்தான். பிடரியில இருக்கு, காதுக்குப் பின்னாடி இருக்கு. இன்னும் ஈரமா இருக்கு. உங்க பிஸ்ஸஹாவை நீங்க திருப்பி எடுத்துக்குங்க, என் பதிலை நான் எடுத்துக்கறேன். காயற வரைக்கும் அந்தக் குழந்தை பக்கம் வர மாட்டேன். நாளைக்கும் வரலை. உங்க அக்காவையே தூக்கச் சொல்லுங்க."

பிறகு, "மூக்கு வியாமோடதுதான். நல்லவேளை," என்றது கதவு.

மன்னானாவின் மகனுக்கு மூக்கு மிகப் பெரியது. எதிர் மாடியில் யாரோ சிரித்தார்கள். மன்னானா சிரிக்கவில்லை. ஆனால் குழந்தையின் மூக்கை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் கீழே போனார்.

மாலையில் வியாம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். வெந்தயமும் கோழியும் மணக்கும் அறையில் தலையணைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். பிரசவித்தவளுக்கான ரொட்டிக் குழம்பு அவள் முன்னால் ஆவி பறக்க இருந்தது. வழக்கமாக அந்த ரொட்டியை இத்தோ சித்திதான் சுடுவார். இந்த முறை வேறு யாரோ சுட்டிருந்தார்கள். வியாம் அதைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.

"இத்தோக்கா அழறாங்களா?"

"இல்லை. ஹம்மாதியைத் திட்டிக்கிட்டு இருக்காங்க."

"அப்பச் சரி." குழம்பை இன்னொரு தடவை தள்ளி வைத்தாள். "இன்னும் எத்தனை நாள் ஆகும்?"

"டாக்டர் என்ன சொன்னாங்கன்னா..."

"டாக்டர் சொன்னதுதான் தெருவுக்கே தெரியுமே. தினமும் பிடரியைப் பாக்கறது நீ. உனக்கு என்ன தோணுது?"

எனக்கு என்ன தோன்றுகிறது என்று யாரும் அதுவரை கேட்கவில்லை. எல்லோரும் எனக்கு என்ன தெரியும் என்றுதான் கேட்டிருந்தார்கள். இரண்டும் ஒன்றில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"நேத்து வந்ததைவிட இன்னைக்குக் கம்மியா வந்திருக்கு. நாளைக்கு நின்னாலும் நிக்கும். நிச்சயமாத் தெரியலை வியாம்."

"இந்த வீட்டுல ஒருத்தர் தெரியலைன்னு சொல்லிக் கேட்டு எத்தனை வருஷமாச்சு," என்று சிரித்தாள். பிறகு குரலை உயர்த்தி, "அத்தை" என்று கூப்பிட்டாள்.

மன்னானா வந்தார்.

"நாளைக்கு வேணாம் அத்தை. அடுத்த வாரம் வெச்சுக்கலாம். ஏழு இல்லைன்னா பதினாலு."

மன்னானா சுவரைப் பிடித்துக்கொண்டார். வறுத்த மாவும் பாதாமும் தேனும் சேர்த்து ஒரு அண்டா நிறைய ஸெல்லூ செய்தாகிவிட்டது என்றார். மெக்னெஸ்ஸிலிருந்து தன் நாத்தனார்கள் இரண்டு பேரும் பேருந்து ஏறிவிட்டார்கள் என்றார். கடா நிற்கிறது என்றார். குழந்தை பெயரில்லாமல் கிடக்கிறது என்றார்.

"பேரு எங்கேயும் ஓடாது. அவங்க வராம என் குழந்தையை இனி யாரும் இந்த அறையை விட்டுத் தூக்க வேணாம்," என்றாள் வியாம். "அவங்க இன்னைக்கு ஓடினாங்களே, எதுக்கு ஓடினாங்க? ஆசை இல்லாமலா? கை ரெண்டும் முன்னாடி வந்ததை நீங்களே பாத்தீங்கன்னு சொன்னீங்க."

மன்னானா பள்ளிவாசலில் மார்க்க விஷயம் சொல்லும் ஃபகீஹிடம் கேட்டு வரச் சொல்லித் தன் கணவரை அனுப்பினார். மறுப்பார் என்று நம்பித்தான் அனுப்பினார் என்று நினைக்கிறேன். ஃபகீஹ், "பதினாலும் நல்ல நாள்தான், இருபத்தொண்ணும் நல்ல நாள்தான்," என்று சொல்லிவிட்டு, "சாப்பாடு மட்டும் மாறாதில்லையா?" என்று கேட்டாராம்.

நான் போய்ச் சித்தியிடம் சொன்னேன்.

"எனக்காகவா? பைத்தியமா அவளுக்கு?" என்று எழுந்து உட்கார்ந்தார். "அந்த நாத்தனாருங்க ரெண்டு பேரையும் ஒரு வாரம் வெச்சுச் சோறு போடறது யாருன்னு யோசிச்சாளா?" பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கிட்டே போனேன். மன்னானாவின் நிலையை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டுமாகவும் இருந்திருக்கலாம்.

அந்த ஒரு வாரம் எங்கள் தெருவில் நடந்ததை எல்லாம் எழுதினால் வளர்ந்துகொண்டே போகும். நாத்தனார்கள் ஸெல்லூவைச் சாப்பிட்டு முடித்தார்கள். மறுபடி வறுக்க வேண்டியதாயிற்று. ஆயுள் நீட்டிக்கப்பட்ட கடா கொழுத்துப்போய்க் கயிற்றை அறுத்துக்கொண்டு சுவர் தாண்டி ஹம்மாதியின் காலுறை ஒன்றைத் தின்றுவிட்டது. பெயரில்லாத குழந்தையைத் தெரு முழுவதும் 'பதினாலு' என்று கூப்பிட ஆரம்பித்தது. பதினாலு தூங்கறாளா, பதினாலு பால் குடிச்சாளா என்று கடைக்காரர்கூடக் கேட்டார்.

சித்தி கைகளில் கம்பளிக் காலுறை மாட்டிக்கொண்டு சொறியாமல் படுத்திருந்தார். "மாவு பிசையறதெல்லாம் ஒரு வேலையா? சும்மா இருக்கறதுதான் வேலை," என்றார். தினமும் காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து கழுத்தைக் குனிந்து காட்டுவார். நான் பார்ப்பேன். புதியவை நின்றுவிட்டன. பழையவை ஒவ்வொன்றாகப் பொருக்குத் தட்டின. காதுக்குப் பின்னால் ஒன்று மட்டும் பிடிவாதமாக ஈரமாகவே இருந்தது. ஹம்மாதி அதற்கு 'ஷேக்' என்று பட்டம் கொடுத்தார். காரை எடுக்கும் முன் என்னிடம், "ஷேக் புறப்பட்டாரா?" என்று கேட்பார்.

"இன்னும் தேநீர் குடிச்சிட்டு இருக்கார்," என்பேன்.

ஒரு நாள் ஷேக்கும் புறப்பட்டார். காய்ந்த ஒரு பழுப்புப் புள்ளி மட்டும் இருந்தது. சித்தியைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். மருத்துவர் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, இனி யாரோடும் பழகலாம் என்றார். பொருக்குகள் தானாக உதிரும் வரை குளியல்கூடமும் கையுறைத் தேய்ப்பும் மட்டும் வேண்டாம். குழந்தையைத் தூக்கலாமா என்று சித்தி மூன்று விதமாகக் கேட்டார். மூன்று முறையும் தூக்கலாம் என்றே பதில் வந்தது.

ஆனால் வீட்டுக்கு வந்தவர் மறுபடி வாசலைத் தாண்டி வெளியே வரவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நிலைப்படிக்கு உள்ளேயே, கையை நெஞ்சில் வைத்து தூரத்திலிருந்தே எல்லோருக்கும் சலாம் சொன்னார். தெருவும் எதிர்ப்பக்கமாக ஒதுங்கி நின்று பதில் சொன்னது. குளியல்கூடம் போகாதவர் தேறியவரா இல்லையா என்று அவர்களுக்குப் புரியவில்லை. அவருக்கும் புரியவில்லை. நான்கு முத்தப் பெண்ணும் அவர் தெருவும் நடுவில் ஆறடி விட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றதைக் காணச் சிரிப்பாகவும் இருந்தது, தாங்கவும் முடியவில்லை. டாக்டர் சொல்லிவிட்டார் என்று நான் இரண்டு தடவை சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். யாரும் நகரவில்லை.

அப்போது மன்னானா தன் வீட்டிலிருந்து ஒரு கிளாஸ் தேநீரோடு வந்தார். நடுத்தெருவில் நின்று, எல்லோரும் பார்க்கப் பாதியைக் குடித்தார். மீதியைச் சித்தியிடம் நீட்டினார்.

"குடி."

"லல்லா, உங்களுக்கு ஏதாவது..."

"எனக்கு எழுபது வயசு. நாலு பிள்ளைக்கு முள்ளப்பன் வந்தப்ப நான்தான் பக்கத்துல படுத்தேன். என்னைப் பாத்தா அவன்தான் ஓடணும். குடிச்சிட்டுக் கிளாஸைக் குடு, மீதியை நான் குடிக்கணும்."

சித்தி குடித்தார். மன்னானா கிளாஸைத் திருப்பி வாங்கி, அடியில் இருந்த புதினா இலைவரை குடித்தார்.

"பிஸ்ஸஹா சொல்லுவேன்னு பாக்காதே," என்றார். "ஒரு தடவை சொல்லிட்டு ஒரு வாரமா நாத்தனாருங்களுக்குச் சமைக்கறேன்."

சித்தி நிலைப்படியைத் தாண்டி மன்னானாவின் கன்னத்தில் முத்தமிட்டார். நான்கு. பிறகு கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் எப்படி என்று ஆரம்பித்தார். ஒதுங்கி நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தெருவின் இந்தப் பக்கம் வந்தார்கள்.

பதினாலாம் நாள் காலை கடாவை அறுத்தார்கள். குழந்தைக்கு ரிஹாம் என்று பெயர் வைத்தார்கள். கடைக்காரர் மட்டும் பதினாலு என்றே சொன்னார், இன்னும் சொல்கிறார். மத்தியானத்துக்குள் முற்றம் பெண்களால் நிறைந்துவிட்டது.

பச்சைக் கஃப்தானில் சித்தி அறைக் கதவருகே நின்றிருந்தார். கைகளை முழங்கைவரை சோப்புப் போட்டு மறுபடி மறுபடி கழுவியதில் விரல் நுனிகள் சுருங்கியிருந்தன. உள்ளே வியாம் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். சித்தி என் பக்கம் திரும்பிக் கழுத்தைக் குனிந்தார்.

"இன்னொரு தடவை பாரு கண்ணு."

கஃப்தானின் கழுத்தை விலக்கிப் பார்த்தேன். பெரும்பாலும் உதிர்ந்திருந்தது. சில இடங்களில் தோல் வெளிறி, புதுசாக இருந்தது. மருத்துவர் சொன்னார் என்று ஆரம்பிக்க வாயெடுத்தேன். பிறகு அதை விட்டுவிட்டேன்.

"ஒண்ணுமில்லை சித்தி. போங்க."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அவர் உள்ளே போனார். வியாம் குழந்தையை அவர் கைகளில் வைத்தாள். சித்தி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். குழந்தை கண்ணைத் திறந்து, அவர் கஃப்தானின் பொத்தானை நிதானமாகப் பார்த்தது. பிறகு கொட்டாவி விட்டது.

"என்னைப் பாத்தா இவளுக்குத் தூக்கம் வருது," என்றார் சித்தி, மெல்ல.

"பதினாலு நாளாக் காத்திருந்திருக்கா, அலுப்பு இருக்காதா?" என்றாள் வியாம்.

அவர் கதவைத் தாண்டி முற்றத்துக்கு வந்ததும் பெண்கள் குலவையிட்டார்கள். மன்னானாவின் அக்கா, ஏழு பெற்றவர், எல்லோரையும்விட உரக்கக் குலவையிட்டார். நடுவில் போட்டிருந்த மெத்தைவரை தூக்கி வந்து, குழந்தையை மூத்தவர்களிடம் கொடுத்துவிட்டு உட்கார வேண்டும். அதுதான் முறை. சித்தி மெத்தைவரை வந்தார். உட்காரவில்லை. முற்றத்தைச் சுற்றி, சுவரோரமாக, ஒவ்வொரு பெண்ணின் முன்னாலும் கொஞ்சம் நின்று முகத்தைக் காட்டிவிட்டு, மெதுவாக நடந்துகொண்டே இருந்தார். மாடியில் அன்று தவறிப் பேசிய எதிர்வீட்டுப் பெண்ணின் முன்னால் இன்னும் கொஞ்சம் அதிகமாக நின்றார். அவள் எழுந்து சித்தியின் தோளில் முத்தமிட்டாள்.

ஒரு சுற்று முடிந்து இரண்டாவது தொடங்கியது. தேநீர் ஆறியது. நாத்தனார்கள் இரண்டு பேரும் கொடு என்று கையை நீட்டினார்கள். சித்தி அவர்களைப் பார்க்காதது போல் தாண்டிப் போனார். மன்னானா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

கடைசியில் வியாமே அறை வாசலுக்கு வந்து நின்றாள்.

"இத்தோக்கா, பால் குடுக்கற நேரமாச்சு. குடுங்க."

"வரேன் வரேன்," என்றார் சித்தி, எதிர்ப்பக்கமாக நடந்தபடியே. "இன்னும் ஒரே ஒரு சுத்து."